வெளியே போகாத முயல்கள்

நூற்று நாற்பத்து மூன்றாவது துண்டறிக்கையை நெவில் தன் வீட்டுத் தபால் பெட்டியிலேயே போட்டார். பட்டியலில் அவர் வீடும் இருந்தது. ஊரில் ஒரு வீடு விடாமல் போட வேண்டும் என்பது விதி. ஓடைப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் என்ற முறையில் அந்த விதியைத் தட்டச்சு செய்தவரும் அவர்தான். போட்டுவிட்டு, பெட்டியின் பின்கதவைத் திறந்து அதே தாளைத் தானே எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. மூன்று வீடு தள்ளி ட்ரூடி பாஸ்கோ மட்டும் தோட்டத்துக் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் பார்க்காமல் அந்தத் தெருவில் இதுவரை எதுவும் நடந்ததில்லை.

"என்ன நெவ், உனக்கு நீயே லெட்டர் போட்டுக்கற அளவுக்கு ஆயிடுச்சா?"

"எல்லா வீட்டுக்கும் போடணும் ட்ரூடி. யாரும் விட்டுப்போச்சுன்னு சொல்லிடக் கூடாது."

"எங்க மேஜருக்கு வியாழக்கிழமை ஊசி. அந்த டாக்டர் பொண்ணு வீட்டுக்கே வருதாம். உன் வீட்டு ரெண்டுக்கும் போட்டாச்சா?"

மேஜர் என்பது ட்ரூடியின் முயல். தொங்கு காதும் இரட்டைத் தாடையுமாக, பெயருக்கேற்ற மிடுக்கோடு அவள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருக்கும்.

"அதுங்கதான் வெளியவே வர்றதில்லையே. கார்ப்பெட்லயே வளந்ததுங்க. அதுங்களுக்கு நோய் எங்கேர்ந்து வரப்போகுது?"

"வெளிய இருக்கறதைக் கொல்லக் கிருமி வாங்கற, உள்ள இருக்கறதுக்குப் பார்ஸ்லிக் கீரை ஊட்டற. உன்னை மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லப்பா" என்று சொல்லிவிட்டு ட்ரூடி ரோஜாச் செடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நெவிலுக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரிந்ததில்லை. ஓடைக்கரையில் இருப்பவை வேறு. அறுநூறு மரக்கன்றுகளைக் குழுவினர் இரண்டு குளிர்காலம் முழங்காலிட்டு நட்டார்கள். அதில் நானூற்றுச் சொச்சத்தை இரண்டே வாரத்தில் அடியோடு கடித்துத் துப்பியவை அவை. கரையை உள்ளுக்குள்ளேயே குடைந்து, போன மழைக்கு ஒரு பக்கத்தை அப்படியே சரித்துவிட்டவையும் அவைதான். அரசாங்கமே அவற்றுக்கென்று ஒரு கிருமியைக் குப்பியில் அடைத்து விற்கிறது. கேரட் துண்டுகளில் அதைக் கலந்து வைத்தால், தின்ற முயலிடமிருந்து தின்னாத முயலுக்கும் பரவும். மார்ச் இரண்டாம் வாரத்தில் வைக்கப் போகிறோம், வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் அதற்குப் பத்து நாள் முன்பாவது தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்றுதான் துண்டறிக்கை சொன்னது. பெண்டிகோவிலிருந்து டாக்டர் இமோஜன் வியாழக்கிழமைகளில் ஊருக்கு வருகிறார், கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து போடுவார் என்று கடைசி வரியில் தொலைபேசி எண்ணும் இருந்தது. அதையும் நெவில்தான் ஒற்றை விரலால் தட்டச்சு செய்திருந்தார்.

உள்ளே இருப்பவை இரண்டு. சிவந்த பழுப்பில் இருப்பது பீட்ரூட், சாம்பல் நிறம் பிக்கிள். சாண்ட்விச்சுக்குள் வைப்பதையெல்லாம் முயலுக்குப் பெயராக வைத்தவள் நெவிலின் ஒரே மகள் கோரின். அம்மா மர்லீன் படுக்கையில் விழுந்த வருடம், வீட்டில் சிரிப்பதற்கு ஏதாவது வேண்டும் என்று இரண்டையும் ஓர் அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கினாள். முன்னறையில், ஜன்னலோரமாகப் போட்டிருந்த மர்லீனின் கட்டிலுக்கு அடியில் அவை வளர்ந்தன. பீட்ரூட்டுக்குப் பயம் என்பதே கிடையாது. போர்வையைப் பிடித்து ஏறி மர்லீனின் வயிற்றருகே படுத்துக்கொள்ளும். பிக்கிளுக்குக் கதவு சாத்துகிற சத்தத்துக்கே உடம்பு நடுங்கும். எதற்கும் பீட்ரூட்டுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டுதான் நிற்கும்.

மர்லீன் போய் மூன்று வருடம். கோரினுக்கு டவுன்ஸ்வில்லில் நர்ஸ் வேலை கிடைத்துப் போய் இரண்டு வருடம். முயல்களை அவளால் கொண்டுபோக முடியவில்லை. குவீன்ஸ்லாந்தில் வீட்டில் முயல் வைத்திருந்தால் அபராதம் போட்டுவிடுவார்கள். இங்கே சோபாவில் கால் நீட்டித் தூங்குகிற பிராணி, மாநில எல்லையைத் தாண்டினால் குற்றவாளி. ஆகவே அவை நெவிலிடம் தங்கின. ஞாயிறு மாலைகளில் கோரின் தொலைபேசியில் கூப்பிடுவாள். வானிலை, அவள் வேலை, அவர் முழங்கால் என்று எல்லாம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அரை மணி நேரம் முயல்களைப் பற்றித்தான். பீட்ரூட் டிவி வயரைக் கடித்தது, பிக்கிள் முதல்முறையாகத் தன் கையிலிருந்து வாழைப்பழத் துண்டை வாங்கியது என்று அவர் சொல்லச் சொல்ல அவள் சிரிப்பாள். அவை மட்டும் இல்லையென்றால் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ள ஒன்றுமே இருந்திருக்காது. இது நெவிலுக்கு நன்றாகத் தெரியும். அதனால் வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்கென்று அந்த முயல்களைக் கவனித்துக்கொண்டிருப்பார்.

ஊசி போடும் எண்ணமே அவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. போன அக்டோபரில் இரண்டையும் கூண்டில் வைத்து பெண்டிகோவுக்குக் காரில் ஓட்டிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரப் பயணம். பாதி வழியிலேயே பிக்கிள் வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மருத்துவமனை வரவேற்பறையில் ஒரு நாய் குரைத்ததும் கூண்டுக்குள் அப்படியே கல்லாய்ச் சமைந்துவிட்டது. அன்றைக்கு இருந்த டாக்டர், "இந்த நிலமைல ஊசி வேண்டாம், கூட்டிட்டுப் போங்க, தேறினதும் ரெண்டையும் சேத்துக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து நான்கு நாள் பிக்கிள் எதையும் தொடவில்லை. முயல் தின்பதை நிறுத்தினால் குடல் நின்றுவிடும், குடல் நின்றால் அவ்வளவுதான். நெவில் பச்சைக் கூழை ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, துண்டில் சுற்றிய முயலை மடியில் வைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கடைவாயில் துளித்துளியாக ஊட்டினார். ஐந்தாம் நாள் அது தானாக ஒரு வைக்கோலை மென்றபோது அவர் தரையில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டார். இனி இதைக் காரில் ஏற்றுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

சரி, காரில் ஏற்ற வேண்டாம், டாக்டர்தான் வீட்டுக்கே வருகிறாரே. இதைத்தான் நெவில் தன்னிடமே கேட்டுக்கொள்ளாமல் தட்டிக்கழித்தார். இரண்டு முறை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். டாக்டர் வந்தால் முன்னறைக்குத்தான் வர வேண்டும். அங்கே கதவுக்குப் பின்னால் மர்லீனின் மேலங்கி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் இரண்டு மாத்திரை, மதியம் ஒன்று என்று அவர் கையால் எழுதிச் சுவரில் ஒட்டிய அட்டவணையை அவர் கிழிக்கவில்லை. கட்டில் கால்கள் கார்ப்பெட்டில் பதித்த நான்கு பள்ளங்கள் அப்படியே இருந்தன. அடக்கம் முடிந்த நாளிலிருந்து ஒரு மனிதரை அவர் அந்த அறைக்குள் விட்டதில்லை. குழுக் கூட்டத்தைக்கூட ஷெட்டில்தான் நடத்துவார். மீட்டர் பார்க்க வருபவன், ட்ரூடி, பாதிரியார் என்று எல்லோருக்கும் அவர் வீடு வாசற்படியோடு சரி. ஓர் இளம்பெண் பையும் கையுமாக உள்ளே நுழைந்து, அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, பிறகு முகத்தில் ஒரு பரிதாபத்தோடு தன்னைப் பார்ப்பாள் என்று நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது. வெளியே போகாத முயலுக்கு எதற்கு ஊசி என்று சொல்லிக்கொள்வது அதைவிடச் சுலபமாக இருந்தது.

துண்டறிக்கை போட்ட வாரமே கோரின் கேட்டாள். குழுவின் செய்திமடலை அவள் அங்கிருந்தே படித்துவிடுவாள்.

"கேரட் வைக்கப் போறீங்களாமே. நம்ம ரெண்டுக்கும் ஊசி போட்டாச்சாப்பா?"

"ஆச்சு கண்ணு."

"ரெண்டுக்கும்?"

"ரெண்டுக்கும்தான். நீ கவலைப்படாதே."

ஒரு வார்த்தையில் முடிந்துவிட்டது. வைத்த பிறகு நெவில் கொஞ்ச நேரம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே நின்றார். இதே குரலில், இதே வேகத்தில் அவர் முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். கோரின் மெல்போர்னில் கடைசி வருடத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது மர்லீனின் ஸ்கேன் மோசமாக வந்தது. "நல்லாதான் இருக்காம், நீ பரீட்சையைப் பாரு" என்றார். ஆறு வாரம் அதையே சொன்னார். தேர்வு முடிந்து அவள் வந்தபோது அம்மாவோடு மிச்சமிருந்தது பத்தொன்பது நாள். அடக்கத்தன்று சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், "இனிமே எங்கிட்டப் பொய் சொல்லாதேப்பா. எது வேணா இருக்கட்டும், பொய் மட்டும் வேண்டாம்" என்றாள். அவரும் சத்தியம் செய்தார். இது அந்த மாதிரிப் பொய் இல்லை என்று இப்போது தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

மார்ச் வந்தது. ஷெட்டில் எண்பது கிலோ கேரட்டை நறுக்கினார்கள். மூன்று நாள் வெறும் கேரட்டை வைத்து ஓடைக்கரை முயல்களைப் பழக்க வேண்டும். அவை நம்பிக்கையோடு வந்து தின்ன ஆரம்பித்த பிறகு நான்காம் நாள் குப்பியைக் கரைத்துக் கலக்க வேண்டும். முறைப்படி செய்வதில் நெவிலை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேலை முடிந்ததும் பூட்ஸை ஷெட்டிலேயே கழற்றி, உடுப்பைத் தனி வாளியில் ஊறப்போட்டு, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார். தன் முயல்களுக்கு ஷெட் கேரட்டில் ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. பார்ஸ்லியைக் கடையிலிருந்து வாங்கிக் கழுவிப் போட்டார். ஒரு வாரம் கழித்து ஓடைக்கரை நெடுகச் செத்த முயல்களை எண்ணிக் குறித்துக்கொண்டு வந்தார். கோடை இன்னும் அடங்கவில்லை. நீல ஈக்கள் அந்த உடல்களின் மேலிருந்து கும்பலாக எழும்பி, அவர் தொப்பியைச் சுற்றி வட்டமிட்டு, மறுபடி உட்கார்ந்தன.

அதற்கு மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, பார்ஸ்லிக் கட்டோடு முன்னறைக்குப் போனார். பிக்கிள் மூலையில் உட்கார்ந்திருந்தது. பீட்ரூட் ஜன்னல் வெளிச்சத்தில் ஒருக்களித்துக் கால்களை நீட்டிப் படுத்திருந்தது. அது எப்போதும் அப்படித்தான், பொத்தென்று விழுந்து செத்த மாதிரி தூங்கும். முதல் வருடத்தில் நாலைந்து முறை மர்லீனே பதறிக் கூப்பிட்டிருக்கிறாள். பக்கத்தில் போய்த் தரையை ஓங்கித் தட்டினால்தான் ஒரு கண்ணைத் திறந்து, எதற்கு எழுப்பினாய் என்பதுபோல முறைக்கும்.

"எந்திரிடி மகாராணி. டிபன் வந்தாச்சு" என்றார் நெவில். சிரித்துக்கொண்டேதான் குனிந்தார்.

கை பட்டதும் தெரிந்துவிட்டது. மூக்கின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு ரத்தம் காய்ந்திருந்தது. ஓடைக்கரையில் முந்தின வாரம் முப்பத்தேழு மூக்குகளில் அவர் அந்தச் சொட்டைப் பார்த்து, குறிப்பேட்டில் 'உறுதி' என்று எழுதியிருந்தார். இப்போது அதைப் பார்த்தபடி, கையில் பார்ஸ்லியோடு, எவ்வளவு நேரம் மண்டியிட்டிருந்தார் என்று அவருக்கே தெரியாது. பிறகு எழுந்து, இரண்டு முறை அழுத்தி வைத்துவிட்ட அதே எண்ணை மூன்றாம் முறை அழுத்தினார்.

இமோஜன் அன்றைக்கே மதியம் வந்துவிட்டாள். முப்பது வயதுகூட இருக்காது. வாசலிலேயே செருப்பைக் கழற்றி, உறை ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டு, "எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள். முன்னறைக் கதவைத் திறந்துவிட்டு நெவில் ஒதுங்கி நின்றார். அவள் நேராகப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். பீட்ரூட்டைத் திருப்பிப் பார்த்தாள், அதன் கண்ணை மூட முயன்றாள், முடியவில்லை. பிறகு மூலையிலிருந்த பிக்கிளை மெதுவாக இழுத்து, துண்டால் கண்ணை மறைத்து, தோள்பட்டையில் ஊசியைப் போட்டாள். பிக்கிள் நடுங்கக்கூட இல்லை. முழுதாகப் பத்து விநாடி ஆகியிருக்கும்.

"அவ்வளவுதானா?" என்றார் நெவில்.

"அவ்வளவுதான்."

 இந்தப் பத்து விநாடிக்குத்தான் ஐந்து மாதமாகப் பயந்துகொண்டிருந்தார்.

"முயலுக்குக் கொசு கொண்டுவர்ற இன்னொரு நோய்க்கு இந்த நாட்டுல ஊசி போடவே அனுமதி இல்ல. போடச் சொல்லி அழறவங்ககிட்ட எல்லாம் கையை விரிக்கிறேன். இதுக்காவது இருக்கு" என்றாள் இமோஜன். குற்றம் சொல்லும் குரல் இல்லை. "ஒரு போன் போட்டிருந்தா வந்திருப்பேனே நெவில். பக்கத்துல அந்த அம்மா வீட்டுக்குக்கூட வந்தேனே."

"வீடு இப்படிக் கிடக்குதேன்னு…" என்றார்.

இமோஜன் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தாள். சுவர், கதவு, ஜன்னல் எல்லாவற்றின் மேலும் அவள் கண் போய் வந்தது.

"எப்படிக் கிடக்குது?" என்றாள்.

நிஜமாகவே அவளுக்கு எதுவும் தெரியவில்லை. மேலங்கி ஒரு மேலங்கி, அட்டவணை ஒரு பழைய தாள். மூன்று வருடமாக அவர் காவல் காத்த அறையில் அவள் பார்த்தது ஒரு செத்த முயலையும் ஓர் உயிருள்ள முயலையும்தான்.

"எதுல வந்துச்சு? என் பூட்ஸ்லயா?"

"உடம்பைப் பரிசோதனைக்கு அனுப்பறேன். நீங்க வச்ச கிருமியா, தானா சுத்திக்கிட்டிருக்கிற வேற வகையான்னு அதுல தெரியும். எந்தக் கதவு வழியா வந்துச்சுன்னு தெரியாது. ஒரு ஈ போதும்."

பின்பக்க வலைக்கதவின் கீழ்மூலை கிழிந்து ஒரு வருடம் ஆகிறது. நெவில் அதைச் சொல்லவில்லை.

"இவன்?"

"ஊசி வேலை செய்ய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஏற்கெனவே உள்ள போயிருந்தா ஊசி ஒண்ணும் பண்ணாது. மூணு நாள் பாக்கலாம். சாப்பிடறானான்னு மட்டும் பாத்துக்கிட்டே இருங்க." அவள் பீட்ரூட்டைப் பைக்குள் வைத்து, அதை இன்னொரு பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டாள். வாசல் வரை பிக்கிளின் காதுகள் அந்தப் பையின் சத்தத்தைத் தொடர்ந்தன.

அன்றைக்குச் செவ்வாய். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. நெவில் தேநீர் போட்டார், குடிக்கவில்லை. என்ன சொல்வது என்று யோசித்தபோது சொல்வதற்கு எல்லாமே தயாராக இருந்தது. வயசாயிடுச்சு கண்ணு என்று சொல்லலாம். தூக்கத்திலேயே போயிட்டா என்று சொல்லலாம், அது பொய்கூட இல்லை. ஊசி போட்டும் சில முயல்களுக்கு வந்துவிடுகிறது என்று அவரே துண்டறிக்கையில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அதைச் சொன்னால் போதும், கோரின் அழுவாள், அவரும் கூடச் சேர்ந்து அழலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. இவ்வளவு சுலபமாக அது நாக்கில் வந்து நின்றதுதான் அவரைப் பயமுறுத்தியது. மூன்று மணிக்கு, அவளுடைய ஷிஃப்ட் இடைவேளை பார்த்துக் கூப்பிட்டார்.

"அப்பா?" என்றாள் கோரின். பின்னால் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை."

"ஆமாம்மா."

அவள் கொஞ்சம் மூச்சை இழுத்துக்கொண்டாள். "யாரு?"

"பீட்ரூட்."

தள்ளுவண்டிச் சத்தம் தூரப் போனது. அவள் எங்கோ ஒரு கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"அந்தக் கிருமியா? ஊசி போட்டுமாப்பா வந்துச்சு?"

அவளே பொய்க்குக் கதவைத் திறந்துவைத்துக் கூப்பிடுகிறாள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். நெவில் கண்ணை மூடிக்கொண்டார்.

"போடல" என்றார்.

"என்ன போடல?"

"ஊசி போடல கண்ணு. ரெண்டுக்கும் போடல. ஆச்சுன்னு உங்கிட்டச் சொன்னேன். பொய் சொன்னேன்."

ஏன் போடவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காரைப் பற்றிச் சொல்லியிருப்பார், முன்னறையைப் பற்றி, மேலங்கியைப் பற்றிக்கூட இன்றைக்குச் சொல்லியிருப்பார். அதற்கெல்லாம் அவள் இடம் கொடுக்கவில்லை.

"அம்மா ஸ்கேன் மாதிரி" என்றாள். அழுகைகூட இல்லை, ஒரு நோயாளியின் பெயரைப் படிக்கிற குரல். "அதே மாதிரி."

"கோரி…"

இணைப்பு அறுந்திருந்தது.

நெவில் முன்னறைக்குப் போய், பிக்கிளிலிருந்து கையெட்டும் தூரத்தில் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டார். நெஞ்சு முழுக்கத் துக்கமாக இருந்தது, அதில் எவ்வளவு முயலுக்கு, எவ்வளவு மர்லீனுக்கு, எவ்வளவு இந்த மகளுக்கு என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தன்னைப் போல ஒரு முட்டாள் கிழவன் இந்த மாவட்டத்திலேயே இருக்க மாட்டான் என்று சத்தமாகவே சொன்னார். பிக்கிள் மூக்கை அசைத்தது. காலையில் போட்ட பார்ஸ்லி போட்ட இடத்திலேயே வாடியிருந்தது.

நாற்பது நிமிடம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"பிக்கிள் எப்படி இருக்கான்?" கோரினின் மூக்கு அடைத்திருந்தது.

"ஊசி போட்டாச்சு. இன்னிக்கு. நிஜமா போட்டாச்சு, டாக்டர் வீட்டுக்கு வந்து…"

"பிழைப்பானா?"

நல்லாதான் இருக்கான், நீ வேலையைப் பாரு. அந்த வாக்கியம் பழக்கமான தடத்தில் மேலே ஏறி வந்தது. நெவில் அதை விழுங்கினார்.

"தெரியலம்மா" என்றார். "எனக்குத் தெரியல. மூணு நாள் ஆகணும்னு சொன்னா. காலைலேர்ந்து ஒண்ணும் திங்கல. பயத்துலயா, நோயிலயான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

 அவள் போனை வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. நெவில் தொலைபேசியைத் தரையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்த அறையில் கேட்டது. பிக்கிள் மூலையிலிருந்து எழுந்தது. பீட்ரூட் படுத்திருந்த இடத்துக்குப் போய் கார்ப்பெட்டை மோந்து பார்த்தது, ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு யோசித்து யோசித்து, இரண்டே தாவலில் நெவிலின் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்று, தலையைக் கீழே தாழ்த்தித் தாடையைத் தரையோடு ஒட்டிக்கொண்டது. அப்படியே இருந்தது. மூன்று வருடத்தில் அது அவரிடம் இப்படி வந்ததில்லை.

"என்னப்பா பண்றான்?"

"எம்முன்னால வந்து தலையைத் தரையில வச்சுக்கிட்டுக் கிடக்கான் கண்ணு. அசையவே மாட்டேங்கறான்." அவர் குரல் உடைந்தது. "இவனும் போயிடுவான் போலருக்கே."

"இல்ல." கோரின் மூக்கை உறிஞ்சினாள். "கண்ணு தொறந்திருக்கா?"

"தொறந்திருக்கு."

"போகலப்பா. நக்கிவிடச் சொல்றான். அவகிட்டத்தான் அப்படிப் போய்த் தலையைக் குடுப்பான். அவ நெத்தியை நக்கிவிடுவா." கோரின் மூக்கைச் சிந்திக்கொண்டாள். "இப்ப உங்கிட்டக் கேக்கறான்."

நெவில் கையை நீட்டினார், பாதியில் நிறுத்தினார். "நான் என்ன பண்ணணும்?"

"கட்டை விரலால. மூக்குக்கு மேலேர்ந்து காதுப் பக்கமா. மெதுவா."

அவர் கட்டை விரலை வைத்தார். கேரட் வெட்டிக் காய்த்துப்போன விரல் அந்த நெற்றிக்கு மிகப் பெரியதாக இருந்தது. மயிருக்குக் கீழே சூடு தெரிந்தது. அது காய்ச்சல் சூடா, முயலுக்கு எப்போதும் உள்ள சூடா என்று அவருக்குத் தெரியவில்லை.

"பண்றியா?"

"பண்றேன்."

"நிறுத்தாதே" என்றாள் கோரின். "அவனா எந்திரிச்சுப் போற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

ஜன்னல் வெளிச்சம் கார்ப்பெட்டை விட்டுச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. பிக்கிள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. தலையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. தொலைபேசியில் அவளும் வைக்கவில்லை, அவள் பக்கத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள், தட்டிக்கொண்டே இருந்தார்கள். நெவிலின் கட்டை விரல் மூக்கிலிருந்து காதுக்குப் போய், தூக்கி, மறுபடி மூக்குக்கு வந்தது.